நந்தனத்தில் கடை கட்டியதும் பெட்டிகளை வடக்கே அனுப்புங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களே, புத்தக விற்பனையாளர்களே,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறோம். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி முடிந்ததும் மிச்சப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிக் கிடங்குக்கு ஏற்றுவீர்கள் இல்லையா, அதில் பெண்கள் எழுதியவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்து, பிப்ரவரியில் வடசென்னையின் தண்டையார்பேட்டைக்கு அனுப்பிவையுங்கள். பிப்ரவரி 15க்கு அடுத்து வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும், ஒரு பள்ளி மைதானத்தில், பெண் எழுத்தாளர்களையும் பெண் கலைஞர்களையும் கொண்டாடும் புத்தகத் திருவிழா ஒன்றை நடத்தப்போகிறோம். கிளை நூலகத்தில் பழகிய வாசகிகள், பள்ளி ஆசிரியைகள், சுயஉதவிக் குழுப் பெண்கள், கல்லூரி மாணவிகள், மீன் விற்கிற அக்காக்கள் என்று கலந்த ஒரு கூட்டம் நாங்கள். பின்னால் பெரிய அமைப்போ புரவலரோ யாரும் கிடையாது.

இதற்காகச் சிலரிடம் போனில் பேசியபோது எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் கடைசியில் வந்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "நல்ல விஷயம்மா, ஆனா அந்தப் பக்கம் புத்தகம் போகாது." இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீள மடல்.

உங்கள் தொழிலே எங்கள் தெருக்களில் வளர்ந்தது. கொண்டித்தோப்பு வெங்கட்ராமர் தெருவில் இருந்த இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் அச்சடித்த பெரிய எழுத்துப் புத்தகங்களைத் தமிழ்நாட்டில் பார்க்காத கிராமம் குறைவு. நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் ஒருவர் படிக்க, திண்ணை நிறைய ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள். குஜிலி என்ற பழைய கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள், சென்ட்ரல் பக்கத்தில் 1985இல் தீக்கிரையாகும்வரை மூர் மார்க்கெட்டில் குவிந்து கிடந்த பழைய புத்தகங்கள், இவற்றை எல்லாம் வாங்கியவர்களில் மில்லிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காலத்துப் பதிப்பாளர்கள், படிப்பவரின் கண் எப்படி, கையில் காசு எவ்வளவு, நேரம் எது என்று பார்த்து எழுத்தைப் பெரிதாக்கி விலையைச் சின்னதாக்கினார்கள். அதனால் போனது. இப்போது போகவில்லை என்றால், வாங்குகிறவர்கள் மாறிப்போனார்களா, விற்கிற விதம் மாறிப்போனதா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, தீவுத்திடல், நந்தனம் என்று இடம் மாறி வந்திருக்கிறது, வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வடக்கே வந்ததில்லை. விம்கோ நகரில் ஏறினால் நந்தனத்தில் இறங்கலாம், ஒரே மெட்ரோதானே என்பீர்கள். 2021இல் அந்த வழி திறந்தது எங்களுக்குப் பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நாலு பேர் போய்வந்தால் டிக்கெட்டுக்கே முந்நூறு ரூபாய் தாண்டிவிடும். அந்த முந்நூறு ரூபாயை எங்கள் மைதானத்தில் புத்தகத்துக்குச் செலவழிக்கட்டுமே. இன்னொன்று, கல்யாணமான ஒரு பெண் "புத்தகம் வாங்க நந்தனம் போயிட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லி அரை நாள் கிளம்புவது, நீங்கள் நினைக்கிற அளவுக்கு லேசான காரியம் இல்லை. தெரு முனையில் இருக்கும் பள்ளி மைதானத்துக்கு யாரையும் கேட்காமல் வந்துவிடுவாள்.

கையெட்டும் தூரத்தில் ஒன்று இருந்தால் எங்கள் பெண்கள் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோவார்கள் என்பதற்குக் கேரம் போர்டைப் பார்த்தால் போதும். இங்கே சந்துக்குச் சந்து கேரம் மன்றம். வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். போர்டு தெருவிலேயே இருந்தது, கோச்சிங் தெருவிலேயே இருந்தது, விளையாடின பெண்கள் மேலே வந்தார்கள்.

சரி, நாளுக்கு வருகிறேன். ஏன் பிப்ரவரி, மகளிர் தினத்தை ஒட்டி மார்ச் 8 அன்று வைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு. வீட்டில் ஒரு பிள்ளை பிளஸ் டூ எழுதினால் அந்த வீட்டில் மற்ற எல்லாம் நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது காசிமேட்டில் நேரம் இருக்கும், காசு இருக்காது. அதற்குள் பள்ளி திறந்து நோட்டு, சீருடைச் செலவு வந்துவிடும். ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், ஒலிபெருக்கிக்கு நடுவில் யாரும் கவிதை வாசிக்க முடியாது. அக்டோபரில் இருந்து மழை, எங்கள் பக்கம் மழை என்றால் தண்ணீர் வாசலோடு நிற்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூரில் வீடு, படகு, வலை எல்லாவற்றிலும் அப்பியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆகப் பிப்ரவரிதான் மிஞ்சுகிறது. 15க்குப் பிறகு என்பதற்கும் காரணம் உண்டு. மகளிர் உரிமைத்தொகை 15ஆம் தேதி வாக்கில் கணக்கில் ஏறும். அது அவள் பேரில் வருகிற பணம். அதிலிருந்து நூறு ரூபாய் எடுத்து அவளுக்குப் பிடித்த புத்தகத்தை அவளே வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

நேரமும் அப்படித்தான். காலை பத்து மணிக்குக் குத்துவிளக்கு, பதினொரு மணிக்குக் கருத்தரங்கம் என்பது இங்கே சரிப்படாது. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். ஏலம் எடுத்த அக்காக்கள் மீனை விற்று முடித்துப் பாத்திரம் கழுவி ஒரு மணி நேரம் கண்ணசர்ந்தால்தான் மனுஷியாக எழுந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இருக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அன்று பகலில் எங்களுக்கு வியாபாரம்தான் திருவிழா என்று தெரியும். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையும் ஆறு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள். அதனால் இரண்டு நாளும் மாலை மூன்று மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதரை வரை. முடிந்ததும் தெரு தெருவாகச் சேர்ந்து நடந்து போக ஏற்பாடு உண்டு. சுத்தமான கழிப்பறை, தண்ணீர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம், இந்த மூன்றும் மேடைக்கு முன்பாகவே தயாராக இருக்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் தெருப் பையன்களுக்கு. அவர்களே முன்வந்து கேட்டார்கள்.

இனி உங்களிடம் கேட்பவை.

கடை வாடகை கிடையாது. ஆளுக்கு ஒரு ஸ்டால் என்றும் கிடையாது. நீளமான மேசைகளில் எல்லாப் பதிப்பகப் புத்தகங்களும் கலந்திருக்கும், எங்கள் மாணவிகள் கணக்கு எழுதி விற்பார்கள். விற்றதற்குப் பணம், விற்காதது பத்திரமாகத் திரும்ப வரும். நூலகத்துக்கும் கடைக்காரர்களுக்கும் கொடுக்கிற கழிவை எங்கள் புத்தகச் சீட்டுக்காரர்களுக்குக் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் பண்டிகைச் சீட்டு, பாத்திரச் சீட்டு பிடிக்காத தெரு இல்லை. அதே முறையில் மாதம் நூறு ரூபாய் கட்டுகிற புத்தகச் சீட்டு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். பத்து மாதம் கட்டி முடித்தவர் திருவிழாவில் ஆயிரம் ரூபாய்க்குப் புத்தகம் எடுக்கலாம். மேசைக்கு வருகிற எல்லாருக்கும் வழக்கமான பத்து சதவீதம் தள்ளுபடி, சீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. முன்பணம் போல வாங்குபவர்கள் உறுதியாக இருக்கிறார்கள் என்பதை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எழுத்தின் அளவு. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் யாருமே இதைப் பேசுவதில்லை. ஐந்தாவது, எட்டாவதோடு பள்ளியை விட்ட பெண்கள் எங்கள் கூட்டத்தில் நிறைய. அவர்களுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் வேகம் இல்லை, நாற்பதைத் தாண்டினால் கண்ணும் மங்கும், கண்ணாடி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போவார்கள். உங்கள் நானூறு பக்க நாவல் பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டு பக்கம் படித்துவிட்டுத் "தலை வலிக்குதுடி" என்று மூடிவைக்கிறார்கள். அவர்களுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று நாம் எழுதிவிடுகிறோம். ஒரே ஒரு நீண்ட சிறுகதையை, நாற்பது பக்கத்தில், பெரிய எழுத்தில், முப்பது நாற்பது ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள். அம்பையின் ஒரு கதை. பாமாவின் ஒரு கதை. எழுத்தாளரிடம் அனுமதி பெற்று, அவருக்கு உரிய ராயல்டி கொடுத்து. அந்த அளவில் பத்துத் தலைப்பு வந்தால் இரண்டு நாளில் மேசை காலியாகும் என்பது எங்கள் நம்பிக்கை.

அனுமதிகூடத் தேவைப்படாத ஒருவர் இருக்கிறார். ராஜம் கிருஷ்ணனின் படைப்புகள் 2009இல், அவர் உயிரோடு இருந்தபோதே, நாட்டுடைமை ஆக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். மக்களோடு போய்த் தங்கி, பார்த்து, கேட்டு எழுதியவர் அவர். 'அலைவாய்க்கரையில்' மீனவர்களைப் பற்றியது, 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. காசிமேடும் எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களும் இருக்கிற எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு நாவல்களை எடுத்துப் படிக்க ஆள் இல்லை என்று நீங்கள் சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டோம். திருவிழாவின் முதல் மாலையில் 'கரிப்பு மணிகள்' நாவலில் இருந்து சில பக்கங்களை எங்கள் பெண்கள் மாற்றி மாற்றி உரக்க வாசிக்கப்போகிறார்கள். அதற்குள் அதற்கு ஒரு மலிவுப் பதிப்பு, பெரிய எழுத்தில், யாராவது ஒருவர் கொண்டுவர முடியுமா?

ராஜம் கிருஷ்ணன் பேரை எடுத்ததால் இதையும் சொல்ல வேண்டும். தமிழுக்குச் சாகித்ய அகாதெமி விருது 1955இல் இருந்து தரப்படுகிறது. 1973இல் அவருக்குக் கிடைத்தது, பெண்களில் அவர்தான் முதல். பிறகு 1984இல் லக்ஷ்மி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. 2021 வரை கணக்கெடுத்தால் நாலே பேர். எழுதினவர்கள் நாலே பேர்தானா? உங்கள் பட்டியல்களை எடுத்துப் புரட்டிப் பாருங்கள், உங்களுக்கே பதில் தெரியும். ஒரு பதிப்பு வந்து நின்றுபோன பெண்களின் நாவல்கள், கவிதைத் தொகுப்புகள் எத்தனை கிடங்கில் தூங்குகின்றன? அவற்றைத்தான் முதலில் அனுப்பச் சொல்கிறோம். திருநங்கைகள் எழுதியவற்றையும் மறக்க வேண்டாம். லிவிங் ஸ்மைல் வித்யாவும் அ. ரேவதியும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதினார்கள், எங்கள் மேசையில் அவர்களுக்குத் தனி மூலை இல்லை, மற்றவர்களோடுதான் இருப்பார்கள்.

வடசென்னை என்றால் எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரு கதை தெரியும். கத்தி, கஞ்சா, குடிசை, புகைக்கூண்டு. எங்களைப் பற்றி எடுத்தவர்கள் நிறைய, எங்களில் இருந்து எழுதிய பெண்களின் பேர் அட்டையில் வந்தது மிகக் குறைவு. ஷாலின் மரிய லாரன்ஸ் தன் கட்டுரைத் தொகுப்புக்கு 'வடசென்னைக்காரி' என்றே பேர் வைத்தபோது எங்கள் பெண்களுக்கு எவ்வளவு நிமிர்வு வந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அப்படி இன்னும் பத்துப் பேர் வர வேண்டும்.

அதற்காக மைதானத்தில் ஒரு மேசை போடுகிறோம். எழுதத் தெரியாதவர்கள், எழுத நேரம் இல்லாதவர்கள் வந்து உட்கார்ந்து சொல்லலாம், மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். வை.மு. கோதைநாயகி அம்மாளுக்குத் தொடக்கத்தில் எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதித்தான் அவருடைய முதல் நாடகம் உருவானது. பிறகு அவரே எழுதக் கற்று 115 நாவல்கள் எழுதினார், 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். எங்கள் மேசைக்கு வருகிற ஆயாக்களில் ஒரு கோதைநாயகி இருக்க மாட்டாரா? பின்னி மில் மூடியபோது வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, பர்மாவில் இருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்கள் முதல் மழையை எப்படித் தாண்டின, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன சொன்னார், இதெல்லாம் அவர்களுக்குத் தேதி வாரியாகத் தெரியும். ஒரு நிபந்தனை மட்டும். சொன்னவரிடம் திரும்பப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே அது வெளியே போகும். அவர் பேர்தான் ஆசிரியர் பேர். ஆய்வுக்கும் படத்துக்கும் "மெட்டீரியல்" எடுத்துப்போக வருகிறவர்களுக்கு அந்த மேசையில் இடம் இல்லை. அதிலிருந்து ஒரு தொகுப்பை உங்களில் ஒருவர் போட வேண்டும், ஒப்பந்தத்தோடு, ராயல்டியோடு.

கலைஞர்களைப் பற்றிக் கொஞ்சம். கானா ஆண்களுடையது என்றே பல காலம் இருந்தது. இசைவாணி மேடையேறிப் பாடி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்த பிறகு எங்கள் சந்துகளில் சின்னப் பெண்கள் வாய்விட்டுக் கானா பாடுகிறார்கள். அவர்களுக்கு மாலையில் மேடை உண்டு. பறை அடிக்கும் பெண்கள் வருகிறார்கள், சுவர் ஓவியம் வரைகிறவர்கள் வருகிறார்கள். ஒப்பாரியை வைப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. நல்ல காரியத்தில் இழவுப் பாட்டா என்று வயதானவர்களே தடுத்தார்கள். சாவு வீட்டில் அந்த நிமிஷத்தில் கட்டிப் பாடுகிற பெண்களை விடப் பெரிய கவிஞர்கள் யார் என்று மற்றவர்கள் கேட்டார்கள். நான் இரண்டாவது கட்சி. கடைசியில் மேடையில் வேண்டாம், அந்த எழுத்து மேசையில் பாடி எழுதிக்கொள்ளலாம் என்று முடிவானது.

இந்தப் பக்கத்துக்குப் பெண்கள் கூடிப் பேசுவது புதிதும் இல்லை. 1938 நவம்பர் 13 அன்று வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை தாங்கிய நீலாம்பிகை அம்மையார் எழுத்தாளர், வடசொல் தமிழ் அகரவரிசையைத் தொகுத்தவர். ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைக்கத் தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். மறுநாள் பள்ளி ஒன்றின் முன் இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து கைதான பெண்களில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஒருவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் அவர் நாவல் வெளிவந்திருந்தது. ஒற்றைவாடைக் கொட்டகை நின்ற இடத்திலிருந்து எங்கள் மைதானம் சில கிலோமீட்டர்தான்.

எங்களுக்கு வேண்டாதவையும் உண்டு. பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்கு இரண்டு புத்தகம் கொடுங்கள். "பெண்களுக்கான புத்தகம்" என்று சமையல், கோலம், குழந்தை வளர்ப்பு மட்டும் கட்டி அனுப்பாதீர்கள். சமையல் புத்தகத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை, வரலாறும் கவிதையும் அறிவியலும் அரசியலும் அதே பெட்டியில் வர வேண்டும். உங்கள் சார்பில் பேச ஆள் அனுப்புவதானால் எழுதிய பெண்ணையே அனுப்புங்கள். அவருடைய பயணச் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு, பேசியதற்கு ஒரு தொகையும் கையில் கொடுப்போம். சின்னத் தொகைதான், ஆனால் இலவசமாக யாரையும் பேச வைக்க மாட்டோம்.

புத்தகக் காட்சி நடக்கும்போது எங்களில் நாலைந்து பேர் உங்கள் அரங்குகளுக்கு நேரில் வருவோம். எங்கள் சீட்டுக்காரர்கள் கேட்ட தலைப்புகள் எழுதிய பட்டியல் கையில் இருக்கும். உங்களிடம் எது இருக்கிறது, எத்தனை பிரதி தர முடியும் என்று அதிலேயே குறித்துக் கொடுத்தால் போதும். மலிவுப் பதிப்பு போடும் எண்ணம் இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள், எத்தனை பிரதிக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியும் என்று பேசி முடித்துக்கொள்ளலாம். காட்சி முடிகிற அன்று இரவு நந்தனத்துக்கு டெம்போ வரும். வாடகை எங்களுடையது, பெட்டி தூக்க ஆட்களும் எங்களுடையவர்கள்தான்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் வாசகிகள்